கொலராடோவின் கடைமடை

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னால், எங்கள் ஊரில் யாரும் உடனே விதைநெல் கோட்டையைப் பிரிக்க மாட்டார்கள். வேதாரண்யத்துக்கு மேற்கே, கடலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கடைமடைக் கிராமம் அது. கல்லணை, வெண்ணாறு, அதிலிருந்து பிரியும் ஆறுகள், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் என்று மேலே இருப்பவர்கள் எல்லாரும் பாய்ச்சியது போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு வரும். சில வருஷம் இருபது நாளில் வந்துவிடும். சில வருஷம் ஐப்பசி மழை முந்திக்கொள்ளும். அப்பா சாயங்காலமானால் வாய்க்கால் தலைப்பில் போய் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த நான் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, முப்பத்திரண்டு வருஷம் மதகும் கரையுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

மகள் சான் டியாகோவில் இருக்கிறாள். ஒரு ஜனவரியில் அவளைப் பார்க்கப் போனபோது, எங்கே கூட்டிப் போகட்டும் என்று கேட்டாள். கலெக்சிகோ பக்கம் போகலாம் என்றேன்.

“அங்க என்னப்பா இருக்கு? வயலும் வாய்க்காலும்தானே?”

“அதத்தாம்மா பாக்கணும்.”

சான் டியாகோவிலிருந்து கிழக்கே எட்டாம் எண் நெடுஞ்சாலையில் போனால், பாறை அடுக்கிய மலைகளைத் தாண்டி சாலை மளமளவென்று இறங்குகிறது. கீழே வெறும் பாலைவனம். வருஷத்துக்கு மூன்று அங்குல மழைகூடப் பெய்யாத பூமி. திடீரென்று ஓரிடத்தில் பாலைவனம் நின்று பச்சை தொடங்குகிறது. லெட்டூஸ் கீரை, கேரட், வெங்காயம், குதிரைமசால் என்று கண்ணுக்கெட்டியவரை பயிர்தான். இதுதான் இம்பீரியல் பள்ளத்தாக்கு. அமெரிக்காவின் பல பகுதிகள் பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் அந்த நாட்டுக்கு நிறையக் காய்கறி இங்கிருந்துதான் போகிறது. வழியில் ஒரு சர்க்கரை ஆலையின் உயரமான தொட்டியில் கடல்மட்டம் இது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அண்ணாந்துதான் அதைப் படிக்க முடியும். நாங்கள் நின்ற தரை கடலுக்குக் கீழே இருந்தது.

அந்தப் பள்ளம்தான் இந்தக் கதைக்கு மூலம். கொலராடோ ஆறு அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பிறந்து 1,400 மைலுக்கு மேல் ஓடி, மெக்சிகோவுக்குள் போய், கலிபோர்னிய வளைகுடாவில் சேர வேண்டிய ஆறு. வண்டல் அள்ளிவருவதில் அதற்கு ஈடான ஆறுகள் குறைவு. ஆயிரக்கணக்கான வருஷம் அது கொட்டிய வண்டல் வளைகுடாவுக்குக் குறுக்கே மேடாக வளர்ந்து, வடபுறத்துப் பகுதியைக் கடலிலிருந்து துண்டித்துவிட்டது. ஆறு அந்த மேட்டின்மேல் ஓடுகிறது. துண்டிக்கப்பட்ட பகுதியான சால்ட்டன் பள்ளம் கீழே கிடக்கிறது. பழங்காலத்தில் ஆறே பலமுறை திசை மாறி அந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்து ஏரியாகி, பிறகு திரும்பவும் கடலுக்குப் போயிருக்கிறது. பள்ளத்து மண் முழுக்க ஆற்று வண்டல். தண்ணீர் மட்டும் வந்தால் எது போட்டாலும் விளையும். நீர் இறைக்க வேண்டியதில்லை. வெட்டிவிட்டால் தானே இறங்கும்.

ஒரே ஒரு தடை இருந்தது. ஆற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அமெரிக்க மண்ணில் அல்கோடோனஸ் மணற்குன்றுகள் குறுக்கே கிடந்தன. அந்தக் காலத்தில் அவற்றை வெட்டி வாய்க்கால் கொண்டுபோக வழியில்லை. ஆனால் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குள், ஆறு என்றோ விட்டுப்போன அலமோ என்ற பழைய தடம் குன்றுகளைச் சுற்றிக்கொண்டு போய், திரும்ப வடக்கே அமெரிக்காவுக்குள் நுழைந்தது. சார்லஸ் ராக்வுட் என்ற பொறியாளர் 1890-களில் இதைப் பார்த்து, 1896-இல் கலிபோர்னியா டெவலப்மெண்ட் கம்பெனியைத் தொடங்கினார். அமெரிக்க ஆற்றில் எடுக்கும் தண்ணீர் மெக்சிகோ வழியாகப் போய் அமெரிக்க நிலத்துக்குப் பாய வேண்டும். இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஆற்றைத் திருப்பும் வேலை ஒரு தனியார் கம்பெனியின் கையில், அதுவும் காசில்லாத கம்பெனியின் கையில் இப்படித்தான் வந்து சேர்ந்தது. மெக்சிகோ பக்கத்து நிலம் கியேர்மோ ஆண்ட்ராடே என்பவரிடம் இருந்தது. அவரிடமிருந்து வழி வாங்கினார்கள்.

வாய்க்காலை வெட்டி முடித்தவர் ஜார்ஜ் சாஃபி. இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் ஒன்டாரியோ ஊரை உருவாக்கியவர். அங்கே அவரைப் பார்த்துவிட்டுப் போன ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஆல்ஃபிரட் டீக்கினின் ஊக்கத்தில், ஆஸ்திரேலியாவில் மில்டுரா பாசனக் குடியிருப்பை அமைத்தவர். அதே டீக்கின் 1890-இல் இந்தியாவுக்கும் வந்து, நம் அணைகளையும் வாய்க்கால்களையும் பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். பாசன வித்தை அந்தக் காலத்தில் இப்படிக் கடல் கடந்து கைமாறிக்கொண்டிருந்தது. ஆனால் நம் டெல்டாவில் ஒவ்வொரு வருஷமும் கோடையில் தூர் வாருவது வழக்கமாக ஊறியிருந்ததே, அந்தப் பாடம் மட்டும் கொலராடோ கரைக்குப் போய்ச் சேரவில்லை.

1901 மே மாதம் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். அதுவரை கொலராடோ பாலைவனம் என்று வரைபடத்தில் இருந்த இடத்துக்கு இம்பீரியல் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்து நிலத்தை விளம்பரம் செய்தார்கள். எல்லையில் கலிபோர்னியா, மெக்சிகோ இரண்டையும் கோத்து ஒரு பக்கம் கலெக்சிகோ, மறுபக்கம் மெக்சிகாலி என்று இரண்டு ஊர்கள் எழுந்தன. மூன்று நான்கு வருஷத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து குடியேறிவிட்டார்கள்.

1904-இல் வாய்க்காலின் தலைப்பகுதி நாலு மைல் நீளத்துக்கு வண்டலால் அடைத்துக்கொண்டது. தலைமதகின் தளமும் உயரத்தில் இருந்ததால் ஆறு குறைந்தபோது தண்ணீர் ஏறவில்லை. பயிர் வாடியது, விவசாயிகள் வழக்குப் போடத் தயாரானார்கள். தூர் வாரத் தேவையான இயந்திரமும் பணமும் கம்பெனியிடம் இல்லை. அந்த வருஷம் ஜூனில் மெக்சிகோ அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் பாதிவரை மெக்சிகோ நிலங்களுக்கு உரிமை, பதிலுக்கு மெக்சிகோ மண்ணிலேயே ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கலாம். அக்டோபரில் எல்லைக்கு நாலு மைல் கீழே, ஆற்றின் கரையை ஐம்பது அறுபது அடி அகலத்துக்கு வெட்டி, தண்ணீரை நேராக வாய்க்காலுக்குள் விட்டார்கள்.

அந்த வெட்டில் மதகு இல்லை.

நான் இதை முதன்முதலில் படித்தபோது இந்த வரியைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஓர் ஆற்றின் கரையை, கீழே கடல்மட்டத்துக்கு அடியில் பத்தாயிரம் பேர் குடியிருக்கும்போது, மதகில்லாமல் வெட்டுவதா? எங்கள் உபகோட்டத்தில் மதகைப் பார்த்துக்கொள்ளும், எழுதப் படிக்கத் தெரியாத லஸ்கர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் இதற்கு மண்வெட்டி எடுத்திருக்க மாட்டார். ராக்வுட் சொன்ன காரணங்கள் இரண்டு. ஆற்றோர ஊரான யூமாவில் இருபத்தேழு வருஷமாக ஆற்றுமட்டம் குறித்த பதிவுகளைப் பார்த்ததில் குளிர்கால வெள்ளம் மூன்றே முறைதான் வந்திருந்தது. ஆகவே கோடை வெள்ளத்துக்குள் வெட்டை அடைத்துவிடலாம் என்பது ஒன்று. மதகின் வரைபடத்துக்கு மெக்சிகோ அரசின் ஒப்புதல் வரவில்லை என்பது மற்றொன்று. ஒப்புதல் வந்தது 1905 டிசம்பரில். அதற்குள் ஆறு கம்பெனியின் கையை விட்டுப் போய்விட்டது.

1905 தொடக்கத்திலேயே ஹீலா என்ற துணையாற்றின் வழியாக அடுத்தடுத்து வெள்ளம் இறங்கியது. வெட்டை அடைக்கப் போட்ட தடுப்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஆகஸ்டில் அந்த ஐம்பது அடி வெட்டு அரை மைல் அகலமாகிவிட்டது. கொலராடோ ஏறக்குறைய முழுசாகக் கடலை விட்டுத் திரும்பி, பள்ளத்துக்குள் ஓடத் தொடங்கியது.

உடைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது ஒரு நவம்பர் இரவில் வடிகால் ஆற்றுக்கரை ஒன்று உடைந்தது. சவுக்கு முளை அடித்து, மூங்கில் தட்டி கட்டி, வைக்கோலும் மணல் மூட்டையும் போட்டு இரண்டு நாள் போராடினோம். பதினைந்து அடி உடைப்புதான். அதற்கே கை நடுங்கியது. முதலில் கரையின் அடி கரையும். மேலே நிற்கிற மண் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். பிறகு ஒரு பாளமாகச் சரியும். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாது.

இம்பீரியலில் அதுதான் மைல் கணக்கில் நடந்தது. பள்ளத்தை நோக்கிச் சரிந்த தண்ணீர் மெல்லிய வண்டல் மண்ணை அறுத்து அருவியாக விழுந்தது. அருவி விழும் இடத்து மண் கரைய, அருவியே ஆற்றின் மேல்திசை நோக்கி நடந்து வந்தது. வழியெல்லாம் தென்னைமர ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. 1906 கோடையில் அது மெக்சிகாலியை எட்டி, அப்போதுதான் கட்டியிருந்த ஊரின் பெரும்பகுதியை வீடுவீடாகத் தள்ளிக்கொண்டு போனது. அருவி ஆறுவரை நடந்து போயிருந்தால் யூமாவுக்கு மேலேயும் ஆற்றின் தளம் அறுந்திருக்கும். அதன்பின் எந்த வாய்க்காலுக்கும் தண்ணீர் ஏறாது. பள்ளத்தின் அடியில் உப்பு எடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை மூழ்கியது. ரயில் பாதையைத் தண்ணீருக்குப் பயந்து மேலே மேலே மாற்றிப் போட்டார்கள்.

அடைத்தது சதர்ன் பசிபிக் ரயில்வே. கடனுக்கு ஈடாகக் கம்பெனியின் நிர்வாகம் அதன் கைக்கு வந்திருந்தது. தலைவர் ஹாரிமன், சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் நகரம் எரிந்துகொண்டிருந்த 1906 ஏப்ரலிலும் இந்த வேலைக்கு மேலும் பணம் ஒதுக்கினார். ஹாரி கோரி என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். ஆற்றோர மரக்கிளைகளைப் பாய்போலப் பின்னி, இரும்பு வடத்தால் கட்டி ஆற்றின் அடியில் அமிழ்த்தி, அதன்மேல் மரத்தூண் பாலம் போட்டு, பாலத்தின்மேல் ரயிலை ஓட்டி, பெட்டி பெட்டியாகப் பாறையைக் கொட்டினார்கள். பாலத்தை ஆறு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. இடுப்பளவு தண்ணீரில் நின்று உழைத்தவர்களில் பெரும்பகுதி குக்கபா, பீமா, யூமா முதலிய பழங்குடி மக்கள்; குடும்பத்தோடு கரையில் வந்து தங்கியிருந்தார்கள். நவம்பரில் அடைபட்டது. டிசம்பரில் வேறிடத்தில் கரை உடைத்துக்கொண்டு திரும்பவும் பாய்ந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டும் ஹாரிமனும் யார் செலவு என்று தந்தி மேல் தந்தி அடித்துக்கொண்டார்கள். கடைசியில் 1907 பிப்ரவரி 10-இல் உடைப்பு மூடியது. மொத்தச் செலவு சுமார் 30 லட்சம் டாலர். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இன்றும் சால்ட்டன் கடல் என்ற பெயரில் நிற்கிறது. வடிகால் நீரால் மட்டும் உயிர்வாழ்ந்து, கடலைவிட உப்பாகி, ஓரம் வற்றிய இடமெல்லாம் புழுதி பறக்க நிற்கிறது.

இந்த உடைப்பைப் பற்றி அமெரிக்கர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பொறியாளர்களின் வீரக் கதையாகவே அது படிக்கக் கிடைக்கிறது. கோரியின் வேலையை நானும் வணங்குகிறேன். ஆனால் இன்னொரு பாதியை நான் கடைமடைக்காரனாகத்தான் பார்க்கிறேன். ஆற்றின் கடைசி எழுபது எண்பது மைல் மெக்சிகோவுடையது. அதற்குப் பிறகு நடந்த எல்லாமே அந்தக் கடைமடையை எப்படிக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ற முயற்சிதான்.

1911-இல் விவசாயிகளே இம்பீரியல் பாசன மாவட்டம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, சில வருஷத்தில் வாய்க்காலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எல்லைக்குத் தெற்கே எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தது யார் தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் ஹாரி சாண்ட்லரும் அவர் கூட்டாளிகளும். சீனக் குத்தகைதாரர்கள் அங்கே பருத்தி போட்டார்கள். ஒப்பந்தப்படி பாதித் தண்ணீர் அந்த நிலத்துக்குப் போனது. மெக்சிகோ விவசாயிக்குச் சொந்த நாட்டில் நிலமும் இல்லை, நீரும் இல்லை. 1937 ஜனவரி 27-இல் மெக்சிகாலி விவசாயிகள் அந்த நிலங்களுக்குள் நுழைந்து கைப்பற்றினார்கள். அதிபர் லாசாரோ கார்தெனாஸ் அவற்றை அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தார்.

நிலம் கைக்கு வந்த நேரத்தில் தண்ணீர் கைவிட்டுப் போனது. மெக்சிகோவைத் தொடாத வாய்க்கால் வேண்டும் என்று இம்பீரியல் விவசாயிகள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1928 சட்டத்தில் ஹூவர் அணையோடு அதற்கும் அனுமதி கிடைத்தது. நம் மேட்டூர் முடிந்தது 1934-இல், ஹூவர் 1935-இல். ஒரே காலத்துப் பிள்ளைகள்; கொள்ளளவில் ஹூவரின் நீர்த்தேக்கம் மேட்டூரைப்போல் பதின்மூன்று மடங்கு. அதே மணற்குன்றுகளை இயந்திரத்தால் அறுத்து 80 மைல் நீள வாய்க்கால் வந்தது. அதற்கு “ஆல் அமெரிக்கன்” கால்வாய் என்றே பெயர் வைத்தார்கள். 1942-லிருந்து இம்பீரியல் முழுக்க அதில்தான் பாய்கிறது.

நம் காவிரிக்கு 1924-இல் ஒப்பந்தம் போட்டார்கள் என்றால், கொலராடோவுக்கு 1922-இல் ஏழு மாநிலங்கள் கூடிப் பங்கு பிரித்தன. டி.எம்.சி. கணக்கில் சொன்னால் மேல்படுகைக்கு 326, கீழ்ப்படுகைக்கு 326. மழை நன்றாகப் பெய்த வருஷங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த மேசையில் மெக்சிகோவுக்கு நாற்காலி இல்லை. பின்னால் அவர்களுக்குக் கொடுக்க நேர்ந்தால் உபரியிலிருந்து முதலில் கொடுப்பது என்று ஒரு பிரிவு மட்டும் எழுதினார்கள். 1944 உடன்படிக்கையில்தான் மெக்சிகோவுக்கு வருஷம் 65 டி.எம்.சி. என்று எழுத்தில் வந்தது. இம்பீரியல் பாசன மாவட்டம் ஒன்றின் உரிமை 135. ஒரு முழு நாட்டின் பங்கைவிட இரண்டு மடங்கு.

அந்த 65-உம் நல்ல தண்ணீராக வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1961-இல் அரிசோனாவின் வெல்ட்டன்–மொஹாக் பாசனப் பகுதியில் நிலத்தடி உப்புநீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். அளவு குறையாமல், உப்பு கூடி, தண்ணீர் எல்லையைத் தாண்டியது. மெக்சிகாலியில் பயிர் கருகியது. அதைச் சரிசெய்யும் உடன்பாடு 1973-இல்தான் வந்தது.

அந்தப் பயணத்தில் எல்லையைத் தாண்டி, மெக்சிகாலிக்குக் கிழக்கே ஒரு வயலோரம் நாங்கள் காரை நிறுத்தினோம். அரைகுறை ஸ்பானிஷில் மகள் பேச, வயதான விவசாயி ஒருவர் வரப்பில் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. கிள்ளி நாக்கில் வைத்தேன். உவர். எங்கள் ஊர்க் கடலோர வயல் மண்ணின் அதே கரிப்பு. நான் நாக்கில் வைத்ததைப் பார்த்ததும் அவர் என்னை ஓர் அதிகாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவருடைய அப்பாவின் பருத்தி அறுபதுகளில் போனதைச் சொன்னார். தோளைத் தொட்டு வீட்டுக்கு வரச் சொன்னார்.

கிணறு வற்றியதையும் அவர்தான் சொன்னார். ஆல் அமெரிக்கன் கால்வாய் மண் வாய்க்கால். அதன் கசிவு மணலுக்கடியில் தெற்கே போய், அறுபது வருஷமாக மெக்சிகாலி கிணறுகளுக்கு ஊற்றாக இருந்தது. அதை வீணாகும் நீர் என்று அமெரிக்கா கணக்கிட்டு, 23 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் வாய்க்காலாக மாற்றியது. வழக்குப் போட்டும் நிற்கவில்லை. 2009-இல் வேலை முடிந்தது. மிச்சம் பிடித்த தண்ணீர் வருஷத்துக்கு ஏறக்குறைய 3 டி.எம்.சி. அதில் பெரும்பகுதி சான் டியாகோவுக்குப் போகிறது. என் மகள் வீட்டுக் குழாயில் வருவதில் அதுவும் உண்டு. அன்று இரவு அவளிடம் இதைச் சொன்னபோது அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

ஒரு தடவை கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. 2012-இல் இரு நாடும் செய்த உடன்பாட்டின்படி, 2014 மார்ச் 23-இல் எல்லையில் இருக்கும் மொரேலோஸ் அணையின் மதகுகளைத் திறந்து, ஆற்றுக்காகவே நாலரை டி.எம்.சி. விட்டார்கள். சான் லூயிஸ் ரியோ கொலராடோ ஊரில், வெறும் மணலாகக் கிடந்த ஆற்றுக்குள் ஊரே இறங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தங்கள் ஊர் ஆற்றில் தண்ணீரைப் பார்த்திராத பிள்ளைகள் அதில் குளித்தார்கள். மே மாதம் அந்த நீர் கடலைத் தொட்டது. அந்தப் படங்களை நான் தஞ்சாவூரில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வாய்க்கால் தலைப்பில் புதுத்தண்ணீரின் நுரை தெரிந்ததும் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்த அந்த அசைவு ஞாபகம் வந்தது. 2017-இல் மறுபடி ஓர் உடன்பாடு போட்டு, சிறுசிறு அளவில் கழிமுகத்துக்கு நீர் விட ஒப்புக்கொண்டார்கள். அதன் ஆயுள் 2026 டிசம்பர் 31 வரை.

கலிபோர்னியாவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் நம்மில் ஏராளம். அடுத்த முறை போகும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். யூமாவுக்கு மேற்கே ஆண்ட்ராடே என்று ஓர் எல்லைச் சாவடி இருக்கிறது. நிலம் கொடுத்த அதே ஆண்ட்ராடேயின் பெயர். பலமுறை நுழையும் விசாவும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் நடந்தே தாண்டலாம். பழைய வாய்க்காலின் தலைமதகு அங்கே இருக்கும் குன்றின் அடியில்தான் இருந்தது. தாண்டியதும் பக்கத்திலேயே மொரேலோஸ் அணை. மேலே நிறைந்த தண்ணீர் முழுக்க வலப்பக்கம் வாய்க்காலுக்குத் திரும்புகிறது. கீழ்ப்பக்கம் போய் நில்லுங்கள். கொஞ்ச தூரம் கசிவு தேங்கியிருக்கும். அதற்கப்புறம் கடல்வரை பெரும்பாலும் மணல்.